காயித டீச்சர் போட்ட பூஜ்யம்

"அந்த மோரைக் குடிச்சுராதீங்க, ஒரு நிமிஷம்" என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் மதியம் அது. ஆசிரியைகள் அறையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டு முடித்து, தூக்குவாளியிலிருந்து மோரை டம்ளரில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனேன். எதிர் நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. விரல் நுனியெல்லாம் பழுப்புக் கறை. அந்த விரல்களுக்கு இடையில் பஸ் டிக்கெட்டில் பாதி அகலத்துக்கு ஒரு நீலக் காகிதம். என்னைக் கேட்காமலே அது என் மோருக்குள் முங்கி எழுந்தது. எழுந்தபோது சிவப்பாக இருந்தது.

"நல்லாப் புளிச்சிருச்சுங்க" என்றார்.

"அது வாயில வெச்சா எனக்கே தெரிஞ்சிருக்குமே."

"வாய் சொல்றதை நம்பாதீங்க டீச்சர். பசியில இருந்தா ஒண்ணு சொல்லும், கோவத்துல இருந்தா ஒண்ணு சொல்லும். காயிதத்துக்குப் பசி கெடையாது."

அத்தோடு விட்டாரா? பைக்குள்ளிருந்து நீளமான ஒரு நோட்டை எடுத்தார். பக்கத்துக்கு நாலு கட்டம். சோதனை, காண்பது, அறிவது, உடன் பார்த்தவர் கையெழுத்து. முதல் மூன்றையும் மளமளவென்று எழுதிவிட்டு நாலாவது கட்டத்தைக் காட்டி நோட்டை என் பக்கம் திருப்பினார். சேர்ந்த அன்றைக்கே எதற்கு வம்பு என்று அப்பாவின் இனிஷியலோடு அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். காகிதம் குளித்த மோரை யார் குடிப்பது? கை கழுவுகிற தொட்டியில் கொட்டினேன்.

சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் பெண் பிள்ளைகள் மட்டும் படித்த ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளி. அவர் ரசாயன டீச்சர், நான் சரித்திர டீச்சர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் அந்த ஊரில் யாருக்கும் ஆள் யாரென்று தெரியாது. மாணவிகளுக்கு அவர் லிட்மஸ் டீச்சர். அந்தச் சொல் வாயில் நுழையாத கடைக்காரர்களுக்கும் பஸ் கண்டக்டர்களுக்கும் காயித டீச்சர்.

அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் கண்ணாடி இருந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடி எப்போதும் மூக்கின் மேல் இருக்கும். கூட்டுக்குள் இடது பக்கம் நீல லிட்மஸ், வலது பக்கம் சிவப்பு லிட்மஸ். நீலம் சிவந்தால் அமிலம், சிவப்பு நீலமானால் காரம், இரண்டும் அசையாமல் இருந்தால் நடுநிலை. உலகத்தில் இருக்கிற ஈரமான பொருள்களையெல்லாம் இந்த மூன்று அறைகளில் போட்டு அடைத்துவிடலாம் என்பதில் அவருக்கு ஒரு பெரிய நிம்மதி. மழை பெய்தால் குடையைச் சாய்த்து வெளியே காகிதத்தை நீட்டுவார். தக்காளி வாங்கினால் ஒன்றைப் பிளந்து பார்ப்பார். பிள்ளைகள் அழுதால் முதலில் சமாதானம் சொல்வார், பிறகு கண்ணீரைத் தொட்டுக்கொள்வார். சேலையின் கீழ்க்கரையில் எப்போதும் பொத்தல் பொத்தலாக இருக்கும். எந்தப் பொத்தல் எந்த அமிலத்தால் விழுந்தது என்று கேட்டால் வரிசையாகச் சொல்லுவார்.

லிட்மஸ் வருஷத்துக்கு ஒரு முறைதான் சேலத்திலிருந்து வரும். தீர்ந்துபோனால் அவர் அசரமாட்டார். வடிதாளை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு நறுக்கிக்கொள்வார். மஞ்சள் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், புளி பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். ஆய்வக ஜன்னலில் மஞ்சள் துண்டுகள் கொடியில் காய்வதைப் பார்த்து, யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று நினைத்துப் போன பெற்றோரும் உண்டு.

எனக்கும் அவருக்கும் தினசரிச் சண்டை என் பாடத்தை வைத்துத்தான். நான் வகுப்பு நடத்தும்போது வாசலில் நின்று கேட்டுவிட்டு வருவார்.

"டீச்சர், அந்த ராஜா ரோட்டோரமா மரம் நட்டாருன்னு சொன்னீங்களே, நீங்க பாத்தீங்களா?"

"நான் எப்படிங்க பாப்பேன்? ரெண்டாயிரம் வருஷமாச்சு."

"பாத்தவங்களை நீங்க பாத்தீங்களா?"

"கல்வெட்டு இருக்குதுங்க."

"கல்வெட்டுல உடன் பாத்தவர் கையெழுத்து இருக்குதா?"

எங்கள் ஊர்ப்பக்கத்து அரசன் ஒருவன் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் கொடுத்த கதையை ஒரு நாள் உருகி உருகி நடத்திவிட்டு வந்தேன். பாதி வகுப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. இவர் மட்டும், "எல்லாம் சரிங்க, அந்த நெல்லிக்காயில எத்தனை புளிப்புன்னு யாருமே எழுதி வெக்கலையே" என்று வருத்தப்பட்டார். அன்று முழுவதும் அவரோடு நான் பேசவில்லை.

அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு ஊரில் ஒரு கதை உலவியது. பெண் பார்க்க வந்தவரின் காபி டம்ளரில் காகிதத்தை விட்டுவிட்டார் என்று. சரித்திர டீச்சர் என்ற முறையில் நேராக அவரிடமே விசாரித்தேன்.

"பாதி நெசந்தாங்க. பாலு திரிஞ்சிருந்துச்சு. எனக்குக் கொடுத்த டம்ளருல காயிதத்தை உட்டுப் பாத்தேன், செவந்துச்சு. அவுரு அதே காபியை ஒரே மொடக்குல குடிச்சுட்டு, ரொம்ப நல்லாருக்குதுங்கன்னு சொன்னாரு. மொத நாளே பொய் சொல்றவரு, வாழ்நாளெல்லாம் என்ன சொல்லுவாரு?"

"மரியாதைக்குச் சொல்லியிருப்பாருங்க."

"மரியாதைக்குச் சும்மா இருந்திருக்கலாமே."

என் கல்யாணப் பேச்சும் அப்போது தடுமாறிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது. அந்தக் காலத்துக்கு அது முற்றிய வயது. இரண்டு இடம் பேசி முடிக்கிற நிலைக்கு வந்து சகுனத்தில் கலைந்திருந்தன. ஒன்றைப் பல்லி கலைத்தது. இன்னொன்றை, தட்டு மாற்றும் நேரத்தில் எதிர் வீட்டில் கவிழ்ந்த எண்ணெய்ச் சட்டி கலைத்தது. எண்ணெய் எதிர் வீட்டுடையது, சட்டி எதிர் வீட்டுடையது, வழுக்கியது மட்டும் எனக்கு.

ஒரு முறை பெங்களூர் போய்வந்தபோது அவர் பிஹெச் தாள் புத்தகம் ஒன்று வாங்கி வந்தார். தீப்பெட்டி அளவு. கிழித்து நனைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பல நிறம் காட்டும். அட்டையில் ஒன்றிலிருந்து பதினாலு வரை வண்ணப் பட்டியல். ஏழு நடுநிலை, அதற்குக் கீழே போகப் போக அமிலம் கூடும், மேலே போகப் போகக் காரம் கூடும். வெறும் புளிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு எத்தனை புளிப்பு என்று சொல்ல வழி கிடைத்துவிட்டது. ஒரு தாளை நாலாகக் கிழித்து, அந்தக் கால் துண்டையும் மூடி வைத்துத்தான் செலவழிப்பார். எங்கள் தலைமையாசிரியை சிடுசிடுத்த முகக்காரி. வகுப்பில் ஒரு வாயாடிப் பெண் எழுந்து கேட்டாள்.

"டீச்சர், ஹெச்.எம். அம்மாவுக்கு பிஹெச் எத்தனைங்க?"

வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. இவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நனைச்சுப் பாக்காம எப்படிக் கண்ணு சொல்றது?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் விஷயம். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தார். பார்க்காததைச் சொல்லக்கூடாது, பார்த்ததைச் சொல்லாமல் இருக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கு மேல் அவரிடம் வேறு கொள்கை கிடையாது. முதல் பாதியால் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் பாதியால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரப் பார்த்தது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பாய் கோலி சோடாக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். காயித டீச்சரின் ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய் உடைந்தால், சோடா மெஷினை ரிப்பேர் செய்கிற கையால் ஒட்டித் தருவார். ஒரு சனிக்கிழமை நானும் இவரும் தர்மபுரி பஸ்ஸுக்கு நின்றபோது, பாய் தாமாகவே கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, ஊர்ல எல்லாத்தையும் சோதிக்கிறீங்க. நம்ம சோடாவையும் பாத்து நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க."

பஸ்ஸுக்கு நின்ற கூட்டமெல்லாம் கூடியது. கோலி டப்பென்று உள்ளே போனது. நீலக் காகிதம் உள்ளே போய், இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. இவர் அதை உயர்த்திக் காட்டி, வகுப்பில் சொல்வதைப் போலவே கணீரென்று சொன்னார்.

"இது அமிலம்."

"அமிலம்னா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆசிட்."

ஆசிட் என்றால் அந்த ஊருக்குத் தெரிந்தது லாரி பேட்டரியில் ஊற்றுவதும் தங்கத்தை உரசிப் பார்க்க ஆசாரி வைத்திருப்பதும்தான். சோடாவில் காற்று கரைந்தால் அது மெல்லிய அமிலம், எலுமிச்சம்பழம் அதைவிடப் பல மடங்கு அமிலம் என்று இவர் விளக்க ஆரம்பிப்பதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது. திங்கட்கிழமை நாங்கள் திரும்பி வரும்போது, பாய் சோடாவில் ஆசிட் கலக்கிறார் என்று பென்னாகரம் வரைக்கும் செய்தி போயிருந்தது. கடையில் ஈ ஆடவில்லை. பாய் இவரைத் திட்டவில்லை. "நான்தானுங்களே கூப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை.

தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொன்னார். "அமிலம் இல்லை, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பாவம், பிள்ளைகுட்டிக்காரர்."

"செவந்ததைச் செவக்கலைன்னு எப்படிங்க சொல்றது?" என்றார் இவர். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். ஆனாலும் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாக ஒன்று செய்தார். தினமும் சாயங்காலம் பள்ளி விட்டதும் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஒரு கோலி சோடாவை முழுதாகக் குடித்தார். அவருக்கு சோடா சுத்தமாக ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு மடக்குக்கும் ஏப்பம் வரும், கண்ணில் நீர் வரும். குடித்து முடித்து, "இதுவும் அமிலந்தாங்க, நானும் இருக்கறேன் பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஒரு மாதம் விடாமல் குடித்தார். டீச்சர் சாகிறாரா இல்லையா என்று பார்க்க வந்த கூட்டம், சாகாததைக் கண்டு மெல்ல மெல்லத் தானும் குடிக்க ஆரம்பித்தது. பாய்க்குப் பழைய வியாபாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு வெளியாட்கள் நடுவில் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டி வந்தால் இவர் வாய் ஒரு கணம் திறந்து மூடும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஒரு செய்முறைத் தேர்வு வைத்தார். குடுவையில் அமிலம் இருக்கும். அதில் நிறம் காட்டும் ஃபினாப்தலீன் இரண்டு சொட்டு விடவேண்டும். மேலே அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், அமிலம் தீர்ந்த அந்த ஒரு சொட்டில் குடுவை மெல்லிய ரோஜா நிறமாகும். அதற்கு மேல் ஒரு சொட்டு போனாலும் கணக்கு கெட்டது. அந்த ஒரு சொட்டில் நிறுத்துவதுதான் ரசாயனத்தின் மானம் என்பார் இவர்.

மங்கை என்ற பெண் என் வகுப்பு. அவளுக்கு எவ்வளவு விட்டும் நிறம் வரவில்லை. குழாயே காலியாகிவிட்டது. எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். அவள் பயந்துபோய்ப் பேனாவிலிருந்த சிவப்பு மையில் ஒரு சொட்டைக் குடுவைக்குள் விட்டுவிட்டாள். இவர் வந்து பார்த்தார். கொஞ்சம் அமிலத்தை ஊற்றினார். நியாயமாக நிறம் மறைய வேண்டும், மறையவில்லை. இன்னும் ஊற்றினார். அது பாட்டுக்குச் சிவப்பாக இருந்தது.

"ஃபினாப்தலீன் விட்டியா கண்ணு?"

மங்கை நாக்கைக் கடித்தாள். அதை விடவே மறந்துபோயிருந்தாள்.

பூஜ்யம் போட்டார், சிவப்பு மையில், பெரிய முட்டையாக. பிள்ளை அழுத அழுகையைப் பார்த்து நான் ஆய்வகத்துக்குப் போய் வாதாடினேன். "மறந்துதானே போனா? அரை மார்க்காவது போடுங்க."

"மறந்ததுக்கு மார்க் கொறைக்கலீங்க. நெறம் வரலைன்னு எழுதியிருந்தா பாதி மார்க் போட்டிருப்பேன். பாக்காததைப் பாத்தேன்னு காட்டுனா அதுக்குப் பூஜ்யந்தாங்க. எனக்கு வேற மார்க் தெரியாது."

மறுநாள் மாலை மங்கையை உட்காரவைத்துத் திரும்பச் செய்யச் சொன்னார். நன்றாகவே செய்தாள். அந்த மார்க்கைப் பக்கத்தில் எழுதினார். ஆனால் பூஜ்யத்தை அடிக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நான் மனதுக்குள் திட்டினேன். இப்போதும் அந்தக் கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அடுத்த வருஷம் எனக்கு மூன்றாவது இடம் கூடிவந்தது. மாப்பிள்ளை சேலத்துப் பக்கம். பெரியம்மா வளர்த்த பிள்ளை. அந்த அம்மா சொன்னால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. அந்த அம்மா சகுனம் பார்ப்பதில் பேர் போனவர். ஒரு வளைகாப்புக்குக் கிளம்பி, காக்கை இடம் வலமாகப் பறந்ததென்று வழியிலேயே திரும்பி வந்தவர். இதுவும் கலைந்தால் இனி நான்காவது இடம் கிடையாது என்று அப்பா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, மறுநாள் காலை முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நாலு மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டு பஸ் ஆறு மணி ஆகியும் வரவில்லை. தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து வண்டிகளெல்லாம் வரிசையாக நிற்கின்றன என்று செய்தி வந்தது. கவிழ்ந்த லாரி என்ன சகுனம் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளைக்கு எடுக்கிற ஆரத்தியைக் கரைக்கும் பொறுப்பை அம்மா காயித டீச்சரிடமே கொடுத்திருந்தார். மஞ்சளும் சுண்ணாம்பும்தானே, ரசாயன டீச்சரைவிட யாருக்குத் தெரியும்? பஸ் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது, மேளத்தோடு நடந்து வருகிறார்கள் என்று ஆள் வந்து சொன்னதும் இவர் வேலையை ஆரம்பித்தார். செம்பில் மஞ்சள் தண்ணீர். கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர். கையில் பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லர். சொட்டு சொட்டாக விட்டு, விட்டு, கலக்கிக் கலக்கிப் பார்த்தார். என் சின்னம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு உருண்டை சுண்ணாம்பைப் போட்டுக் கரைச்சா முடிஞ்சுது. இதுக்குப் போயி எத்தனை சொட்டுங்க?"

"தேவைக்கு மேல ஒரு சொட்டு கூடாதுங்க" என்றார் இவர். செம்புத் தண்ணீர் அழகாகச் சிவந்தது. அந்த ஒரு சொட்டில் நிறுத்தினார். முகத்தில் அத்தனை பெருமை.

சின்னம்மாவும் தன் பங்குக்கு ஒன்று செய்துவைத்திருந்தார். பித்தளைத் தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கி, மாப்பிள்ளை வருகிறவரைக்கும் மினுமினுப்புப் போகக்கூடாதென்று புளித்தண்ணீரைத் தாராளமாகப் பூசி அப்படியே வைத்திருந்தார். நாலு மணிக்கு வந்திருந்தால் நிதானமாகக் கழுவியிருப்பார். மேளச் சத்தம் வாசலுக்கே வந்துவிட்ட அவசரத்தில், செம்பை அப்படியே தாம்பாளத்தில் கவிழ்த்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். இவரும் பின்னாலேயே போனார்.

நான் முன்னறை ஜன்னலில் நின்று பார்த்தேன். பந்தலின் கீழ் மாப்பிள்ளை. பக்கத்தில் பெரியம்மா. அவர்கள் முன்னால் நீட்டிய தாம்பாளத்தில் சிவப்பு கண்ணெதிரே வெளுத்து, வெறும் மஞ்சளாக நின்றது. வேறு யார் கரைத்திருந்தாலும் உருண்டைச் சுண்ணாம்பு அந்தப் புளியைத் தின்று தீர்த்துவிட்டுச் சிவப்பாகவே இருந்திருக்கும். இவர் அளந்து விட்டதால் அதில் உபரியாக ஒரு சொட்டும் இல்லை.

மேளம் நின்றது. பெரியம்மா தாம்பாளத்தைப் பார்த்தார்.

"என்னாது இது? கெளம்பறப்போ பூனை. தொப்பூர்ல லாரி. மனசைத் தேத்திக்கினு வந்தா, ஆலாத்தி செவக்கலை. டேய், பஸ்காரனை நிக்கச் சொல்லு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காயித டீச்சரைத்தான் பார்த்தேன். இவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தாம்பாளத்தைப் பார்த்தார், முகர்ந்தார், சின்னம்மாவைப் பார்த்தார். சொல்வதற்கு வாயைத் திறந்தார். 'பயப்படாதீங்க, தட்டுல அமிலம்' என்றுதான் அவர் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை முகத்துக்கு நேரே நீட்டிய தட்டில் அமிலம். சோடாக் கடைக் கூட்டம் போல நாற்பது பேர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர் வாய் திறந்தது, மூடியது.

"ஒரு நிமிஷங்க அம்மா. இன்னும் முடியல. கடைசியா ஒண்ணு சேக்கணும்" என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு நடைக்குள் வந்தார். என் ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தாம்பாளம் இடது கையில். வலது கை இடுப்பிலிருந்து எதையோ எடுத்தது. பல்லால் எதையோ திருகினார். சுண்ணாம்புதான் சேர்க்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வெளியே போனபோது தாம்பாளம் குருதிச் சிவப்பாக இருந்தது.

"ஆங், இப்பச் சரி" என்றார் பெரியம்மா. மேளம் மறுபடி ஆரம்பித்தது. ஆரத்தி சுற்றி, விரலைத் தோய்த்து மாப்பிள்ளை நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்கள். மறுநாள் காலை எனக்குக் கல்யாணம் நடந்தது.

இரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் கிணற்றடியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சோப்பு போட்டார், சீயக்காய் போட்டார், தேங்காய் நார் போட்டார். பொட்டு அசையவில்லை.

"ஏம்மா, உங்க வூட்டு மஞ்சள் ரொம்ப உசத்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

அருகில் போய்ப் பார்த்தேன். தினமும் நூறு கட்டுரை நோட்டில் நான் பார்க்கிற சிவப்பு அது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கவும் முடியாமல் தண்ணீர் இறைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் நாளும் அது போகவில்லை. பெரியம்மா தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினார். "மூணு நாளாச்சு, பொட்டு அழியலை பாருங்க. இதுக்கு மேல என்னா சகுனம் வேணும்?"

பத்து நாள் லீவு முடிந்து பள்ளிக்குப் போனதும் ஆய்வகத்துக்குத்தான் முதலில் போனேன். இவர் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த நீள நோட்டைக் கொண்டுவந்து பிரித்து வைத்தார்.

முதல் வரி: 'சோதனை: ஆரத்தி நீரைத் தாம்பாளத்தில் ஊற்றியது. காண்பது: சிவப்பு மறைந்து மஞ்சள். அறிவது: தாம்பாளத்தில் புளி. பாத்திரத்தைச் சோதிக்காதது சோதித்தவர் தவறு.'

அடுத்த வரி: 'சோதனை: சிவப்பு மை, ஒரு பேனா முழுவதும். காண்பது: சிவப்பு.' அறிவது என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஓரத்தில் பெரிய முட்டையாக ஒரு பூஜ்யம். நீல மையில் இருந்தது. அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். சிவப்பு மை அவரிடம் மிச்சம் ஏது?

"எனக்காகத்தானுங்க செஞ்சீங்க. அரை மார்க்காவது போட்டுக்கங்க" என்றேன்.

"வேற மார்க் எனக்குத் தெரியாதுன்னு உங்ககிட்டதானே சொன்னேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அவுரு நெத்தியில போயிருச்சுங்களா?" என்றார்.

"போறதுக்கு ஒரு வாரம் ஆச்சுங்க."

"நல்ல மைதாங்க" என்றார், கொஞ்சம் பெருமையாக.

உடன் பார்த்தவர் கையெழுத்துக் கட்டமும் இன்னும் காலியாக இருந்தது. அவர் அதை விரலால் காட்டி, நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க ஜன்னல்ல நின்னுக்கினு பாத்தீங்க. எனக்குத் தெரியும். போடுங்க."

பேனாவை வாங்கினேன். பழக்கத்தில் அப்பாவின் இனிஷியலைப் போடப் போன கை நின்றது. கொஞ்சம் யோசித்து, என் வீட்டுக்காரருடைய முதலெழுத்தைப் போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் போட்ட முதல் கையெழுத்து அந்தப் பூஜ்யத்துக்கு நேரேதான் இருக்கிறது.